கடைக்காரர் சாத்திய கதவு: டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் பிரஷர் குக்கரும்

பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 பாகைக்குப் போவதில்லை. 96 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் பானைக்குள் சூடு ஏறாது. கடலையும் காய்ந்த போஞ்சி விதையும் வேக நேரம் எடுப்பது அதனால்தான். அப்புத்தளை, நுவரெலியா என்று மேலே போகப் போக நிலைமை இன்னும் மோசம். பெரட்டுக்கு ஓட வேண்டிய பெண்கள் விடிவதற்கு வெகு முன்பே அடுப்பு மூட்ட வேண்டியிருந்ததில் இந்தப் பௌதிகத்துக்கும் பங்கு உண்டு.

பிரஷர் குக்கர் இந்தக் கணக்கை மாற்றிய பாத்திரம். ஆவியை அடைத்து வைப்பதால் உள்ளே அழுத்தம் கூடி, நம் ஊர் உயரத்திலும் வெப்பம் 118, 119 பாகை வரை போகும். இரண்டு மணி நேர வேலை அரை மணிக்குள் முடியும். மலையகத்தில் பல வீடுகளுக்கு முதல் குக்கர் இந்தியாவிலிருந்து வந்தது. அங்கே போய்க் குடியேறிய உறவினரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த குக்கர்களை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றின் மூடியில் பிரஸ்டீஜ் என்ற பெயர் இருந்தது.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது சென்னையில் மூன்று தலைமுறையாக நடந்துவந்த ஒரு குடும்பத் தொழில். அதைத் தொடங்கியவர் டி.டி.கே. என்று அறியப்பட்ட டி.டி. கிருஷ்ணமாச்சாரி. இந்தியாவின் வர்த்தக கைத்தொழில் அமைச்சராகவும், இரண்டு தடவை நிதியமைச்சராகவும் இருந்தவர். இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மலையகத்தில் இன்று அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. இறக்குமதிக் கடை நடத்திய ஒரு தமிழ்க் குடும்பம் அங்கே ஆலை முதலாளிகளாக மாறியது. அதேபோலக் கடை நடத்திய தமிழ்க் குடும்பங்கள் பண்டாரவளையிலும் பதுளையிலும் இருந்தன. இங்கே ஏன் அப்படி ஓர் ஆலை எழவில்லை?

கிருஷ்ணமாச்சாரி 1899 நவம்பர் 26ஆம் திகதி பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். படித்த பிராமணக் குடும்பத்துப் பிள்ளைகள் வழக்கறிஞராவதும் அரசாங்க உத்தியோகம் தேடுவதும் வழக்கமாக இருந்த காலம் அது. அவர் சவர்க்காரம் விற்கப் போனார். 1928இல் தன் பெயரிலேயே ஒரு கம்பனியைத் தொடங்கினார். வெளிநாட்டு உற்பத்தியாளர்களின் பொருள்களைத் தென்னிந்தியாவில் விநியோகிக்கும் முகவர் வேலை. சன்லைட், லைஃபோய், லக்ஸ் சவர்க்காரங்கள், பொண்ட்ஸ் பூச்சு, கட்பரி சொக்கலேட், ஹோர்லிக்ஸ், கிவி சப்பாத்துப் பொலிஷ், வோட்டர்மன் பேனா என்று அந்தக் கம்பனியின் கையால் போன பொருள்களின் பட்டியல் நீளமானது.

முகவர் வேலையைச் சிலர் தரகுத் தொழில் என்று இளக்காரமாகப் பார்ப்பார்கள். உண்மையில் அது ஒரு பெரிய பள்ளிக்கூடம். எந்த ஊரில் எந்தப் பொருள் ஓடும், எந்தக் கடைக்காரருக்குக் கடன் கொடுக்கலாம், புதிய பொருளை வீட்டுப் பெண்களுக்கு எப்படிப் பழக்குவது என்பதெல்லாம் அங்கேதான் கற்க முடியும். பின்னாளில் அந்தக் குடும்பம் குக்கர் விற்றபோது புதிதாகக் கடைகளைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. தென்னிந்தியாவின் கடைத்தெருக்கள் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன.

அவருக்கு அரசியலில் ஆர்வம் வந்தது. 1937இல் சென்னை சட்டசபைக்குச் சுயேச்சையாகத் தெரிவானார். காங்கிரசில் பிறகே சேர்ந்தார். பொது வாழ்க்கை பெரிதாகப் பெரிதாக வியாபாரத்தை மகன் டி.டி. நரசிம்மன் கவனிக்கலானார். தந்தை அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அம்பேத்கர் தலைமையிலான அரசியலமைப்பு வரைவுக் குழுவில் ஓர் உறுப்பினர் இறந்ததால் ஏற்பட்ட இடத்துக்கு அவர் 1948இல் நியமிக்கப்பட்டார். அந்தக் குழுவின் வேலைச் சுமை முழுவதும் கடைசியில் அம்பேத்கர் ஒருவர் தலையிலேயே விழுந்தது என்பதை அதே ஆண்டு நவம்பரில் சபையில் வெளிப்படையாகச் சொன்னவர் அவர்தான்.

1952இல் நேரு அவரை வர்த்தக கைத்தொழில் அமைச்சராக்கினார். மலையக வாசகருக்கு இங்கே ஒரு குறிப்பு. இந்தியத் தேயிலைச் சபைக்கு வழிவகுத்த 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் அவர் அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. உலகச் சந்தையில் நம் ஊவாத் தேயிலையோடு போட்டி போட்ட நாட்டின் தேயிலைக் கொள்கை அப்போது அவருடைய மேசையில் இருந்தது.

ஆனால் அந்த அமைச்சின் பெரிய வேலை வேறு. இந்தியா தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பது அன்றைய கொள்கை. இயந்திரமும் உருக்கும் வாங்குவதற்கே அந்நியச் செலாவணி போதவில்லை. சொக்கலேட்டுக்கும் முகப்பூச்சுக்கும் அதைச் செலவழிக்க முடியாது. ஆகவே நுகர்பொருள் இறக்குமதி அனுமதிப்பத்திரங்கள் சுருங்கின. 1956இல் அவர் நிதியமைச்சரானார். அடுத்த ஆண்டு செலாவணி நெருக்கடி முற்றியபோது கட்டுப்பாடு இன்னும் இறுகியது.

சாத்தப்பட்ட அந்தக் கதவின் முன்னால் நின்றவர்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. கால் நூற்றாண்டாக அவர்கள் வாழ்ந்தது வெளிநாட்டுப் பொருளை இறக்கி விற்று. தந்தை இருந்த அரசாங்கத்தின் கொள்கையால் மகன் நடத்திய கடையின் தட்டுகள் காலியாகின. விற்கப் பொருள் இல்லாத வியாபாரி கடையைப் பூட்டலாம், அல்லது பொருளைத் தானே செய்யலாம். அவர்கள் இரண்டாவது வழியை எடுத்தார்கள்.

1955 ஒக்டோபரில் சென்னையில் ஒரு தனியார் கம்பனி பதிவானது. அதுதான் பின்னாளில் டி.டி.கே. பிரஸ்டீஜ் ஆனது. இங்கிலாந்தின் பிரஸ்டீஜ் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1959இல் பெங்களூரில் குக்கர் உற்பத்தி தொடங்கியது. அதே ஆண்டில் பம்பாயில் எச்.டி. வாசுதேவா இன்னோர் இங்கிலாந்துப் பெயரோடு ஹோக்கின்ஸ் குக்கரைத் தொடங்கினார். ஹோக்கின்ஸில் மூடி உள்ளிருந்து வாயை அடைக்கும். பிரஸ்டீஜில் மூடி வெளியே பூட்டும். எது நல்லது என்று வீட்டுக்கு வீடு இன்றும் வாதம் நடக்கிறது.

குக்கர் அவர்களுடைய கண்டுபிடிப்பு அல்ல. டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இலேயே ஆவியை அடைத்து எலும்பை வேகவைக்கும் பாத்திரத்தைச் செய்து காட்டிவிட்டார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அலுமினியத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி எடுக்க வேண்டும். மூடியும் பாத்திரமும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். இடையில் வைக்கும் ரப்பர் வளையம் சூட்டில் இளகக் கூடாது. மேலே உட்காரும் எடை சரியான அழுத்தத்தில் எழும்ப வேண்டும். எடை அடைத்துக்கொண்டால் உருகி வழிவிடும் பாதுகாப்பு வால்வு கட்டாயம் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அடுப்படியில் வெடிக்கும்.

இந்த வேலைக்கு வேண்டிய சூழல் அப்போது தென்னிந்தியாவில் இருந்தது. ஆலுவாவுக்கு அருகே 1943 முதல் அலுமினியம் உருக்கப்பட்டு வந்தது. பெங்களூரில் விமானத் தொழிற்சாலை, தொலைபேசித் தொழிற்சாலை, இயந்திரக் கருவித் தொழிற்சாலை என்று அரசாங்கம் வரிசையாக நிறுவியிருந்தது. உலோகத்தில் வேலை தெரிந்தவர்கள் அந்த ஊரில் கிடைத்தார்கள். குக்கர் ஆலை எழுந்த தூரவாணி நகர், தொலைபேசித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற இடம்.

ஆக, நான்கு விடயங்கள் ஒன்றாகக் கூடின. கதவைச் சாத்திய கொள்கை, சந்தையைத் தெரிந்த குடும்பம், பக்கத்தில் கிடைத்த உலோகமும் தொழிலாளியும், சொல்லித்தர வந்த வெளிநாட்டுக் கம்பனி. இறக்குமதித் தடை ஒன்றே ஆலையைப் பெற்றெடுத்தது என்று சொன்னால் அது அரைக் கதை.

ஆலை ஓடத் தொடங்குவதற்கு முன்பே தந்தை பதவி இழந்துவிட்டார். 1956இல் உருவான ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம், 1957இல் ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பனிகளில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. பொதுமக்கள் பணத்தை நொடிந்த கம்பனிகளில் போட்டது ஏன் என்று நாடாளுமன்றத்தில் ஃபெரோஸ் காந்தி கேட்டார். அவர் பிரதமரின் மருமகன், ஆளுங்கட்சி உறுப்பினர். நீதிபதி சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். அமைச்சின் செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்பது முடிவானது. 1958 பெப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

1962இல் மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். 1963இல் மறுபடியும் நிதியமைச்சர். இந்தியக் கைத்தொழில் அபிவிருத்தி வங்கியும் யூனிட் ட்ரஸ்டும் அந்தக் காலத்தில் தொடங்கியவை. சிறு தொகை சேமிப்பவரின் பணத்தைத் தொழிலுக்குத் திருப்பும் வழிகள் அவை. நேரு இறந்த பின் லால் பகதூர் சாஸ்திரியின் அமைச்சரவையிலும் அதே பொறுப்பில் தொடர்ந்தார்.

அந்த அமைச்சரவையின் காலத்தில் வந்த ஒரு பத்திரம் பண்டாரவளைத் தோட்டங்களின் ஒவ்வொரு லயத்துக்கும் வந்து சேர்ந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களாக இருந்த ஏறத்தாழ 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும். மிகுதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். யாரைப் பற்றிய கணக்கோ அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் பிரதமர்கள் செய்தது. நிதியமைச்சர் மேல் அதை ஏற்றிவைப்பது நியாயமாகாது. ஆனாலும் தமிழ்நாட்டைச் சேர்ந்த அமைச்சர்கள் உட்கார்ந்திருந்த ஓர் அரசாங்கத்தின் காலத்தில் இது நடந்தது என்பதை மலையகத் தமிழர் மறக்க முடியாது.

எங்கள் உறவிலும் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்கள் உண்டு. நீலகிரிப் பக்கம் தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கிய அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் பலர் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். இங்கே இருந்தவரை இந்தியாக்காரர் என்றார்கள். பிறகு அவர்களைப் பார்க்கப் போனவர்களின் பெட்டிகளில்தான் குக்கர் இந்தப் பக்கம் வந்தது.

நிதியமைச்சரின் இரண்டாவது பதவிக்காலமும் அமைதியாக முடியவில்லை. குடும்ப நிறுவனங்கள் தொடர்பாக அவர் மேல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றைப் பற்றித் தலைமை நீதியரசரின் கருத்தைக் கேட்கலாம் என்று சாஸ்திரி முடிவு செய்தபோது, 1965 டிசம்பர் கடைசியில் கிருஷ்ணமாச்சாரி விலகிக்கொண்டார். வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்த அமைச்சருக்கு இது தீராத சிக்கல். தன் கடைக்கு நட்டம் வரும் கொள்கையை அவர் நடத்தினாலும், அந்தக் கடை வேறு வழியில் பிழைத்து எழுந்தால் ஊர் சந்தேகத்தோடுதான் பார்க்கும். பார்க்கவும் வேண்டும். நம் நாட்டில் அமைச்சர்களின் உறவினர் கம்பனிகளைப் பற்றிக் கேள்வி எழும்போது, கேள்வியை நீதிபதியிடம் அனுப்பும் பிரதமரும், அனுப்பும் பேச்சு எழுந்ததும் விலகும் அமைச்சரும் இருந்த அந்தக் காலம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அவர் 1974 மார்ச் 7ஆம் திகதி இறந்தார். மிகுதி ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் சிறிமா – இந்திரா உடன்பாடு அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வந்திருந்தது. சென்னையில் மௌப்ரேஸ் வீதிக்கு இன்று அவர் பெயர். அந்த வீதியில் இருக்கும் மியூசிக் அக்கடமியின் அரங்குக்கும் அவர் பெயர்தான்.

அவர் கண் மூடியபோது குடும்பத் தொழில் கடனில் இருந்தது. அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்திருந்த பேரன் டி.டி. ஜகந்நாதன் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்து பொறுப்பெடுத்து, பல ஆண்டுகள் போராடிக் கடனை அடைத்தார். வால்வு அடைத்துக்கொண்டாலும் மூடியின் ரப்பர் வளையம் ஓரமாக விலகி ஆவியை வெளியே விடும் ஏற்பாடு அவர் காலத்தில் வந்தது. போலி உதிரிப்பாகம் போட்ட குக்கரும் ஆளைக் கொல்லாமல் இருக்க அது உதவியது. தாத்தா தொடங்கி, தந்தை திருப்பி, பேரன் மீட்ட தொழில். மூன்று தலைமுறை அதே பெயரில் இருந்தார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இலங்கையும் கதவைச் சாத்தியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதில் சில உள்ளூர்த் தொழில்கள் எழுந்தன என்பது உண்மை. ஆனால் தோட்டங்களுக்கு வந்தது பசி. 1973, 74இல் மாவும் அரிசியும் கிடைக்காமல் மலையகத்தில் ஆட்கள் செத்தார்கள். 1977இல் கதவு ஒரே நாளில் திறந்ததுபோலத் திறந்தது. அந்த ஏழு ஆண்டில் முளைத்த கைத்தறி போன்ற தொழில்கள் வாடின. சாத்தியதற்கும் திறந்ததற்கும் நடுவே ஓர் ஆலை வேர் பிடிக்கும் காலம் கிடைக்கவில்லை.

தமிழருக்கு அதற்கு மேலும் இரண்டு தடைகள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோருக்கு நாடே இல்லாமல் போனது. வாக்கு இல்லை, காணி வாங்குவதிலும் வியாபார அனுமதிப்பத்திரம் எடுப்பதிலும் பிரஜைக்கே முன்னுரிமை. நாளைக்குக் கப்பலேற்றப்படலாம் என்று இருப்பவர் எந்த இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுவார்? அதைத் தாண்டியும் கடை கண்ணி என்று எழுந்த குடும்பங்கள் இருந்தன. 1983 ஜூலை 27இல் பதுளை எரிந்தது. ஹாலி-எலயும் பண்டாரவளையும் வெலிமடையும் தொடர்ந்து எரிந்தன. இரண்டு தலைமுறை சேர்த்த சரக்கும் கணக்குப் புத்தகமும் ஒரு பின்னேரத்தில் சாம்பலாயின. மூன்றாம் தலைமுறைக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாத குடும்பங்கள் பல.

2020இல் அரசாங்கம் மறுபடியும் இறக்குமதியை நிறுத்தத் தொடங்கியது. உள்ளூர் உற்பத்தி பெருகும் என்று சொன்னார்கள். 2022இல் கேஸ் இல்லாமல் வரிசையில் நின்றோம். பலர் விறகுக்குத் திரும்பினோம். இனியும் டொலர் குறையும்போதெல்லாம் இந்தப் பேச்சு எழும். எழும்போது கேட்க வேண்டிய கேள்விகளை டி.டி.கே.யின் வாழ்க்கை தருகிறது. தடை எத்தனை ஆண்டுக்கு? உலோகம் எங்கிருந்து வரும்? வேலை யார் கற்றுத் தருவார்கள்? வங்கி யாருக்குக் கடன் தரும்? தடையால் முதலில் நட்டப்படுவது யார், ஆள்பவர்களின் வீடா, லயத்தின் அடுப்பா?

கடைசியாக ஒன்று. அந்தச் சென்னைக் குடும்பம் கடனில் மூழ்கியது, பதவி இழந்தது, சந்தேகத்துக்கு ஆளானது. ஆனால் அவர்கள் அந்த நாட்டவரா என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் ஆலைக்கு இனத்தின் பெயரால் யாரும் தீ வைக்கவில்லை. பண்டாரவளையில் ஒரு பிள்ளை இன்று ஒரு சிறிய பட்டறை தொடங்கினால் அவனுக்கு முதலில் வேண்டியதும் அதுதான்: அவன் பேரன் அதே இடத்தில் கதவைத் திறப்பான் என்ற நிச்சயம்.